சேற்றுத் தரையில் ஓடிய இரண்டு வயதுக் குதிரைகளின் ரேஸை எப்படிப் படிப்பது

அக்டோபர் கடைசியில் இங்கிலாந்தின் டான்காஸ்டரில் ஃப்யூச்சரிட்டி டிராஃபி நடக்கும். இரண்டு வயதுக் குதிரைகளுக்கான குரூப் 1, அதாவது மிக உயர்ந்த தர ரேஸ், தூரம் ஒரு மைல், பிரிட்டனில் அந்த ஃப்ளாட் (தடை தாண்டாத ஓட்டம்) சீசனின் கடைசி குரூப் 1. 1961-ல் தொடங்கிய ரேஸ், நடுவில் பல வருடம் ரேசிங் போஸ்ட் டிராஃபி என்ற பெயரில் ஓடியது. ரெஃபரன்ஸ் பாயின்ட், ஹை சாப்பரல், மோட்டிவேட்டர், ஆதரைஸ்ட், கேம்லட், ஆகஸ்ட் ரோடின் எல்லாம் இதை ஜெயித்துவிட்டு அடுத்த வருடம் ஜூனில், மூன்று வயதுக் குதிரைகளின் பெரிய ரேஸான எப்சம் டெர்பியையும் ஜெயித்த குதிரைகள். அதனால் இந்த ரேஸ் முடிந்த அன்று ராத்திரியே எல்லாரும் அடுத்த ஜூன் மாதத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் அக்டோபர் கடைசியில் அந்த ஊரில் மழை சும்மா விடாது. தரை சாஃப்ட் ஆகும், ஹெவி ஆகும், சில வருடம் அதையும் தாண்டிப் போகும். அப்படிப்பட்ட தரையில் வந்த ரிசல்ட்டை எவ்வளவு நம்பலாம், எதை நம்பலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஃப்யூச்சரிட்டியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஆனால் இதே முறை ஒரு சாதாரண மெய்டனுக்கும் (இன்னும் ஒன்றும் ஜெயிக்காத குதிரைகளின் ரேஸ்) பொருந்தும், பாரிஸ் பக்கம் செயின்ட் கிளவுடில் நடக்கும் இரண்டு வயது ரேஸ்களுக்கும் பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சேற்றில் நடந்த ரேஸில் எத்தனை நீளத்தில் (ஒரு குதிரையின் உடல் நீளம்தான் அளவு) ஜெயித்தது என்ற எண்ணுக்குக் கடைசி இடம்தான் கொடுக்க வேண்டும். எந்தக் குதிரை எந்தப் பாதையில், எப்படிக் கால் வைத்து, எந்த இடத்தில் தளர்ந்தது என்பதுதான் விஷயம். இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் படிப்பதால்தான் வசந்த காலத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

தரையை முதலில் படியுங்கள், குதிரையை அப்புறம் பார்க்கலாம்

பிரிட்டனில் தரையை ஹார்ட், ஃபர்ம், குட் டு ஃபர்ம், குட், குட் டு சாஃப்ட், சாஃப்ட், ஹெவி என்று கெட்டித் தரையிலிருந்து சேறு வரை ஏழு படியாகச் சொல்வார்கள். அயர்லாந்தில் குட் டு சாஃப்டுக்குப் பதிலாக யீல்டிங் என்பார்கள். இதை அறிவிப்பது மைதானத்துக்காரர், காலையில் நடந்து பார்த்து, கோயிங்ஸ்டிக் என்ற கருவியைத் தரையில் குத்திப் பார்த்து. அந்தக் குச்சி இரண்டு விஷயத்தை அளக்கும்: தரைக்குள் எவ்வளவு சுலபமாக இறங்குகிறது, பிறகு சாய்த்து இழுக்கும்போது மண் எவ்வளவு எதிர்க்கிறது. எண் குறையக் குறையத் தரை ஈரம் அதிகம். ஆனால் ஒரு மைதானத்து எண்ணை இன்னொரு மைதானத்து எண்ணோடு ஒப்பிடக் கூடாது, மண் வேறு, புல் வேறு. ஒரே மைதானத்தில் போன வருடம் எவ்வளவு, இந்த வருடம் எவ்வளவு என்று பார்க்கத்தான் அது உதவும். பிரான்சில் பெனிட்ரோமீட்டர், அங்கே நேர் எதிர், எண் கூடக் கூடத்தான் தரை கனம். பெங்களூரு கோடை சீசன் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கருவியின் பெயர் புதிதாக இருக்காது.

ஹெவியிலும் இரண்டு வகை உண்டு, இதை யாரும் அறிவிப்பில் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். மழை அடித்துக்கொண்டே இருக்கும்போது தண்ணீர் தேங்கி நெகிழ்ந்து கிடக்கும் தரையில் கால் உள்ளே போனாலும் வெளியே வந்துவிடும். மழை விட்டு ஒரு நாள் காய்ந்த ஹெவி அப்படியில்லை, பசை மாதிரி பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு அடிக்கும் குளம்பைப் பிடுங்கி எடுக்க வேண்டும். நடவுக்கு உழுது வைத்த வயலில் தண்ணீர் நிற்கும்போதும் தண்ணீர் வடிந்த மறுநாளும் நடந்து பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் காலுக்கே தெரியும். முதல் வகைத் தரையில் சமாளித்த குதிரை இரண்டாவது வகையில் அப்படியே நின்றுபோவதைப் பார்க்கலாம். அதனால் ரேஸுக்கு முந்தைய மூன்று நாள் வானிலையைப் பாருங்கள், எத்தனை மில்லிமீட்டர் மழை, எப்போது நின்றது, காற்று அடித்ததா என்று.

அறிவிப்பை மட்டும் நம்பாமல் நேரத்தையும் கணக்குப் போடுங்கள், கடினமில்லை. அன்றைய கார்டில், அதாவது அன்றைய ரேஸ் பட்டியலில், உள்ள எல்லா ரேஸ்களையும் அந்தந்தத் தூரத்துக்கான ஸ்டாண்டர்டு நேரத்தோடு (நல்ல தரையில் அங்கே எதிர்பார்க்கும் நேரம்) ஒப்பிட்டு, ஒரு ஃபர்லாங்குக்கு (மைலில் எட்டில் ஒரு பங்கு) எத்தனை வினாடி மெதுவாக ஓடின என்று பாருங்கள். ஒரு கற்பனைக் கார்டை எடுத்துக்கொள்வோம். 6 ஃபர்லாங் ரேஸ் ஸ்டாண்டர்டைவிட 7 வினாடி அதிகம், 8 ஃபர்லாங் 9 வினாடி அதிகம், 10 ஃபர்லாங் 12 வினாடி அதிகம். ஃபர்லாங்குக்கு முறையே 1.17, 1.13, 1.2 வருகிறது. ஃபர்லாங்குக்கு ஒரு வினாடியைத் தாண்டினாலே அது உண்மையான ஹெவி, யார் என்ன அறிவித்திருந்தாலும் சரி. இப்போது அதே கார்டில் இரண்டு வயதுக் குதிரைகளின் 7 ஃபர்லாங் ரேஸ் 9.5 வினாடி அதிகம் எடுத்திருக்கிறது என்று வையுங்கள். தரைக்காக மட்டும் எதிர்பார்க்க வேண்டியது சுமார் 8.1 வினாடி. மிச்சம் 1.4 வினாடி எங்கே போனது? ஒன்று, குதிரைகள் சின்னவை, மூத்த குதிரைகள் அளவுக்கு ஓடாது. அதற்குத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அட்மிரல் ரவ்ஸ் வகுத்த வயதுக்கேற்ற எடை அட்டவணை இன்றும், பலமுறை திருத்தப்பட்டு, புழக்கத்தில் இருக்கிறது. இரண்டு, ஆரம்பத்தில் யாரும் வேகம் காட்டாமல் ஓடியிருக்கலாம். மூன்று, ரேஸே சாதாரணமாக இருக்கலாம். இதில் எது என்று வீடியோதான் சொல்லும். கார்டின் நடுவில் பெருமழை பெய்திருந்தால் மட்டும் முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள், சேர்த்தால் எல்லாம் குழம்பிவிடும்.

நீளங்களைச் சுருக்கிப் படியுங்கள்

ஃபினிஷில் குதிரைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் கேமரா வினாடியில்தான் அளக்கிறது, அதை நீளமாக மாற்றிச் சொல்கிறார்கள். பிரிட்டனில் நல்ல தரை என்றால் ஒரு வினாடிக்கு 6 நீளம், சேறு என்றால் 5 என்ற கணக்கு. மேலே சொன்ன 1.4 வினாடி சேற்றில் 7 நீளம். அதாவது தரைக்குத் தகுந்த மாதிரி ஏற்கனவே கொஞ்சம் சுருக்கித்தான் தருகிறார்கள், ஆனால் அந்தச் சுருக்கம் போதவே போதாது.

ஏன் என்றால் சேற்றில் களைத்த குதிரை படிப்படியாகக் குறையாது, மொத்தமாக நின்றுவிடும். ஜாக்கியும், முக்கியமாக இரண்டு வயதுக் குட்டி என்பதால், தோற்றுவிட்டது என்று தெரிந்ததும் கையை விட்டுவிடுவார். அதை அடித்து விரட்டி ஐந்தாவதாகக் கொண்டுவந்து அவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, குட்டி மனசு உடைந்துபோகும் என்பதுதான் கவலை. அதனால் கடைசி இரண்டு ஃபர்லாங்கில் ஆளுக்கு ஆள் பத்து நீளம் இடைவெளி வந்துவிடுகிறது. ஜெயித்தது 6 நீளத்தில் என்று பார்த்ததும் பிரமாதம் என்று தோன்றும். என் வழக்கம், ஹெவியில் வந்த வித்தியாசத்தைப் பாதியாக்கித்தான் நோட்டில் எழுதுவேன், நாலாவது இடத்துக்குப் பின்னால் வந்தவர்களுக்கு நீளமே எழுத மாட்டேன், "நின்றது" அல்லது "விடப்பட்டது" என்று மட்டும் குறிப்பேன். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் வீடியோ பார்ப்பதன் பாதி வேலை.

வீடியோவை மூன்று தடவை பாருங்கள்

முதல் தடவை யார் ஜெயித்தது என்ற பரபரப்பில் போய்விடும், போகட்டும். இரண்டாவது தடவை குதிரைகளைப் பார்க்காமல் பாதையை மட்டும் பாருங்கள். டான்காஸ்டரில் ஒரு மைல் தூரத்துக்கு நேர்ப் பாதையும் இருக்கிறது, வளைவுப் பாதையும் இருக்கிறது. நேர்ப் பாதை அகலமானது. ஈரம் அதிகமானால் ஜாக்கிகள் மிதிபடாத புல்லைத் தேடி ஒரு பக்கம் ஒதுங்குவார்கள், சில சமயம் கூட்டம் இரண்டாகவே பிரிந்துவிடும். அன்றைய முந்தைய ரேஸ்களில் எந்தப் பக்கம் வந்தவர்கள் ஜெயித்தார்கள் என்று ஒரு கண் ஓட்டிவிட்டு வாருங்கள். தப்பான பக்கத்தில் தனியாக மாட்டிக்கொண்டு நாலாவது வந்த குட்டி, சரியான பக்கத்தில் இரண்டாவது வந்ததைவிட நன்றாக ஓடியிருக்கலாம். ஸ்டால் எண்ணும் (குதிரை கிளம்பும் பெட்டியின் எண், இதைத்தான் டிரா என்பார்கள்) இதனால்தான் முக்கியம், நல்ல தரையில் பொருட்படுத்தாமல் விடக்கூடிய டிரா, சேற்றில் ரேஸையே முடிவு செய்துவிடும்.

மூன்றாவது தடவை கடைசி மூன்று ஃபர்லாங்கை மட்டும், முடிந்தால் மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு குதிரையாகப் பாருங்கள். முன்னங்காலைப் பாருங்கள். முழங்காலை உயர்த்தி மடக்கி, வட்டமாகக் கால் போட்டு ஓடும் குதிரை சேற்றிலிருந்து காலைப் பிடுங்க வசதியானது. தரையை ஒட்டி, நீளமாக, புல் நுனியைச் சீவுகிற மாதிரி கால் வீசும் குதிரைக்கு நல்ல தரையில் அதுதான் சொத்து, சேற்றில் அதுவே வினை. பெரிய குளம்பும் உதவும் என்பார்கள், ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் படேக்கில் நேரில் பார்க்க முடிந்தால் பாருங்கள். அப்புறம் தலை. களைக்கும்போது தலை மேலே தூக்கினால் வலிக்கிறது அல்லது பிடிக்கவில்லை. தலையைத் தாழ்த்திக் கழுத்தை நீட்டிக்கொண்டே போனால் முடியாவிட்டாலும் முயல்கிறது என்று அர்த்தம். வால் சுழற்றுகிறதா, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறதா, முன்னால் போகும் குதிரை வாரியடிக்கும் மண்கட்டி முகத்தில் பட்டதும் பின்வாங்குகிறதா. கடைசி விஷயம் இரண்டு வயதுக் குட்டிகளுக்கு மிக முக்கியம். மூன்றாவது ரேஸ்தான் ஓடுகிற ஒரு குட்டி, வாழ்க்கையில் முதல் முறையாக முகம் முழுக்கச் சேறு அடிபடும்போது திகைத்துப்போவது இயல்பு. அது வேகம் இல்லாததால் தோற்றதில்லை. அதை நான் தாராளமாக மன்னிப்பேன்.

இங்கேதான் எல்லாரையும் ஏமாற்றும் ஒரு காட்சி வரும். பின்னாலிருந்து ஒரு குதிரை பாய்ந்து வந்து மூன்றாவது இடம் பிடிக்கும். கமென்டேட்டரும் பறந்து வருகிறது என்பார். ஆனால் செக்ஷனல் நேரம், அதாவது ரேஸைத் துண்டு துண்டாகப் பிரித்து அளந்த நேரம், எடுத்துப் பார்த்தால் சேற்றில் ஏறக்குறைய எல்லாக் குதிரையும் கடைசி ஃபர்லாங்கில் வேகம் குறைந்துதான் ஓடியிருக்கும். பாய்ந்து வந்தது வேகம் கூட்டவில்லை, மற்றவர்களைவிடக் குறைவாகத் தளர்ந்தது. முன்னால் போனவர்கள் முதல் அரை மைலில் அவசரப்பட்டுத் தங்களைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள், இது பின்னால் சும்மா உட்கார்ந்திருந்து மிச்சத்தைப் பொறுக்கியது. அடுத்த வருடம் நல்ல தரையில் எல்லாரும் ஓடும்போது இதே குதிரைக்கு அந்தப் பரிசு கிடைக்காது. மறுபக்கம், அதே அவசர வேகத்தில் முன்னால் இருந்தும் நாலாவது இடம்வரை தாக்குப்பிடித்த ஒன்று இருந்தால், நட்சத்திரம் போட்டு வையுங்கள். ஹெவி ரேஸில் நான் தேடுவதிலேயே மதிப்பானது அதுதான். அதைவிட அபூர்வம், சேற்றிலும் உண்மையிலேயே வேகம் கூட்டும் குதிரை: ஜாக்கி கேட்டதும் இரண்டு மூன்று அடியில் இடைவெளியைத் திறந்துவிடும். அதைப் பார்த்தால் தரையைப் பற்றிய என் சந்தேகங்களைப் பாதி தூக்கி வைத்துவிடுவேன், ஏனென்றால் எல்லாரையும் மட்டம் தட்டும் தரையிலும் அதனிடம் ஏதோ மிச்சம் இருந்திருக்கிறது.

வயதும் உடம்பும்

வடக்கு அரைக்கோளத்தில் எல்லாப் பந்தயக் குதிரைக்கும் ஜனவரி 1 பிறந்தநாள். நிஜத்தில் ஜனவரி கடைசியில் பிறந்ததும் இருக்கும், மே மாதம் பிறந்ததும் இருக்கும். இரண்டு வயதில் மூன்று நாலு மாதம் என்பது எலும்பும் தசையும் சம்பந்தப்பட்ட பெரிய வித்தியாசம், நல்ல தரையில் தெரிவதைவிடச் சேற்றில் அது பல மடங்கு தெரியும். ரேஸ் கார்டிலோ வம்சாவளி பட்டியலிலோ பிறந்த தேதி இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மே மாதக் குட்டி ஒன்று ஹெவியில் ஒரு மைல் ஓடி, ஜெயித்ததற்கு ஐந்து நீளம் பின்னால் மூன்றாவது வந்தால் அது மூன்று வயதில் முன்னே வரும் என்று எதிர்பார்க்கலாம். பிப்ரவரியில் பிறந்து, ஏப்ரலிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும் கட்டுமஸ்தான ஒன்று அதே ரேஸை ஜெயித்தால், அதன் சகாக்கள் அடுத்த ஆறு மாதத்தில் அதை எட்டிப்பிடித்துவிடுவார்கள் என்ற எண்ணம் மனசில் இருக்க வேண்டும்.

எடையும் அப்படித்தான். பெண் குட்டிகளுக்கு 3 பவுண்டு சலுகை உண்டு. நர்சரி என்று சொல்லும் இரண்டு வயது ஹேண்டிகேப்களில் (திறமைக்கேற்ப எடை ஏற்றும் ரேஸ்கள்) மேலிருந்து கீழே 20 பவுண்டுவரைகூட வித்தியாசம் வரும். சேற்றில் ஒவ்வொரு பவுண்டும் கூடுதலாகக் கனக்கும் என்பது ஸ்டேபிள்களில் பொதுவாகச் சொல்லும் பேச்சு, இரண்டு வயதுக் குட்டிகள் விஷயத்தில் நான் அதை நம்புகிறேன். அதிக எடையைச் சுமந்து சேற்றில் ஜெயித்த நர்சரி குதிரையை லேசில் விடாதீர்கள்.

வம்சாவளி எவ்வளவு தூரம் உதவும்

இரண்டு மூன்று ரேஸ் மட்டுமே ஓடிய குட்டி, அதில் ஒன்றுகூட ஈரத்தில் இல்லை என்றால் பெற்றோரைத்தான் பார்க்க வேண்டும். பார்க்கலாம், தப்பில்லை, ஆனால் அப்பாவை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஆகஸ்ட் ரோடின் இதற்கு நல்ல பாடம். அதன் அப்பா ஜப்பானின் டீப் இம்பாக்ட். ஜப்பானின் வேகமான, கெட்டியான புல்தரையில் கொடிகட்டிப் பறந்த குதிரை. அதை மட்டும் பார்த்தவர்கள் 2022 அக்டோபரில் டான்காஸ்டர் நன்றாக ஊறிக் கிடந்தபோது இந்தக் குட்டிக்குக் கஷ்டம் என்று கை கழுவியிருப்பார்கள். ஆனால் அம்மா ரோடோடென்ட்ரான், கலிலியோவின் மகள், அதுவே குரூப் 1 ஜெயித்தவள். அந்தப் பக்கத்து உறுதி ஈரத்தில் வேலை செய்தது, சுலபமாக ஜெயித்தது.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த மே மாதம் நியூமார்கெட்டில் 2000 கினீஸ் என்ற மூன்று வயதுக் குதிரைகளின் ஒரு மைல் ரேஸ், மறுபடி சாஃப்ட். ஈரத்தில் ஏற்கனவே ஜெயித்த குதிரைதானே என்று எல்லாரும் நம்பினார்கள், அதுவோ கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் போய்விட்டது. நாலு வாரம் கழித்து எப்சமில் வேகமான தரையில் டெர்பி ஜெயித்தது. ஆக, அக்டோபரில் அது காட்டியது சேற்றுத் திறமை இல்லை, தரம். சேறு இருந்தும் ஜெயித்ததா, சேறு இருந்ததால் ஜெயித்ததா என்று ஒவ்வொரு ஹெவி ரேஸ் வெற்றியாளரிடமும் கேட்க வேண்டும்.

இதற்கு மறுமுனை உதாரணம் 2020-ல் ஜெயித்த மேக் ஸ்வீனி. ஜிம் போல்ஜர் பயிற்சி, ஜாக்கி கெவின் மானிங். அப்பா நியூ அப்ரோச், அம்மாவின் அப்பா டியோஃபிலோ, இரண்டுமே கலிலியோவின் மகன்கள், இரண்டுமே போல்ஜரின் ஸ்டேபிளில் வளர்ந்தவை. ரத்தத்திலேயே உறுதி இரட்டிப்பு. அந்த ஆகஸ்டில் அயர்லாந்தின் கரா மைதானத்தில் ஈரத் தரையில் ஃப்யூச்சரிட்டி ஸ்டேக்ஸ் என்ற குரூப் 2-வை (டான்காஸ்டர் ரேஸ் இல்லை, வேறு ரேஸ்) ஜெயித்தது. செப்டம்பரில் அதே கராவில், தரை காய்ந்திருந்தபோது, நேஷனல் ஸ்டேக்ஸில் பின்னால் போய் முடித்தது. கடைசியாக ஓடிய ரேஸை மட்டும் பார்த்தவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். டான்காஸ்டரில் ஹெவி, ஒரு மைல். ஒன் ரூலரைத் தோற்கடித்து ஜெயித்தது. இந்த மாதிரி ஃபார்ம் வரிசையைப் பார்க்கும்போது ரிசல்ட்டுகளைத் தேதிப்படி படிக்காமல் தரைப்படி அடுக்கிப் படித்தால் படம் உடனே தெளிவாகும். ஈரம், ஜெயித்தது. காய்ந்தது, தோற்றது. ஈரம், மறுபடி ஜெயித்தது. மூன்று ரேஸில் முழு உண்மையும் வந்துவிடாது, ஒரு குட்டி தோற்பதற்கு உடம்பு சரியில்லாததிலிருந்து ஆயிரம் காரணம் இருக்கும், ஆனாலும் ஆரம்பிக்க வேண்டிய இடம் இதுதான்.

அடுத்த வருடம் அது போன பாதையையும் பாருங்கள். லெபர்ட்ஸ்டவுனில் டெர்பி டிரையலில் நாலாவது, பிறகு கராவில் ஈரம் திரும்பி வந்தபோது அயர்லாந்து 2000 கினீஸில் தன் ஸ்டேபிள் தோழன் பொயட்டிக் ஃப்ளேரை மூக்குக்கு மூக்கு வந்து வென்றது, எப்சம் டெர்பியில் நாலாவது. நல்ல குதிரை, ஆனால் ஈரம் கிடைக்கும்போது மட்டும் இன்னொரு படி மேலே போகும் குதிரை. இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால் அது தோற்கும் ரேஸ்களில் பேசாமல் இருந்து, மழை வரும் வாரத்தில் அதை நினைவு வைத்துக்கொள்வதுதான் சரி.

இரண்டுக்கும் நடுவில் வருவது 2023-ன் ஏன்ஷியன்ட் விஸ்டம். சார்லி ஆப்பிள்பி பயிற்சி, வில்லியம் பியூக் ஓட்டினார், பெரும் புயல்மழைக்குப் பிறகு தரை ஹெவி. இரண்டு வாரம் முன்பே நியூமார்கெட்டில் ஆட்டம் (Autumn) ஸ்டேக்ஸ் என்ற ரேஸை ஜெயித்திருந்ததால் திறமையைப் பற்றிச் சந்தேகமில்லை. அடுத்த மே யார்க்கில், டான்டே ஸ்டேக்ஸில், இகனாமிக்ஸ் என்ற குதிரை அதை 6 நீளத்தில் பின்னுக்குத் தள்ளியது. இரண்டாவது இடம் ஒன்றும் மோசமில்லை, சேற்றில் பொறுமையாக அரைத்து ஜெயித்த குதிரை, வேகம் மாற்றும் குதிரையைச் சந்தித்தால் என்ன ஆகும் என்பதுதான் அங்கே தெரிந்தது. டான்காஸ்டர் வீடியோவைப் பார்த்து "வேகம் கூட்டியதா, குறைவாகத் தளர்ந்ததா" என்ற கேள்வியைக் கேட்டிருந்தால் மே மாதம் அவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது.

ஓடாமல் போனவர்களையும் கணக்கில் எடுங்கள்

மழை வந்ததும் காலையில் நான்-ரன்னர் பட்டியல் நீளும். விலகியவை எவை என்று பாருங்கள், பெரும்பாலும் வேகக் குதிரைகள், அதாவது ரேஸின் முன்பக்கத்து வேகமே போய்விடும். 12 பேர் ஓட வேண்டிய ரேஸ் 7 ஆகிவிட்டால் அது வேறு ரேஸ், ஜெயித்தது அந்த 7 பேரைத்தான். விலையும் (ஜெயித்தால் எத்தனை மடங்கு பணம் என்ற விகிதம்) மாறும், விலகிய குதிரைக்காக ஜெயித்த பணத்தில் கழிக்கும் ரூல் 4 பிடித்தம் வரும், 8 பேருக்குக் குறைந்தால் பிளேஸ், அதாவது பணம் கிடைக்கும் இடங்கள், மூன்றிலிருந்து இரண்டாகும், 5-க்குக் கீழே போனால் முதலிடத்துக்கான வின் மட்டும். பணம் வைக்கிறவர்கள் இதையெல்லாம் காலையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

2019-ல் டான்காஸ்டர் ஹெவியையும் தாண்டித் தண்ணீரிலேயே மூழ்கியது, ரேஸே ரத்து. அதை நவம்பர் 1 அன்று நியூகாசிலுக்கு, டேப்பெட்டா என்ற செயற்கைத் தரைக்கு மாற்றினார்கள். பிரிட்டனில் ஆல்-வெதர் தரையில் நடந்த முதல் குரூப் 1 அதுதான். ஜெயித்தது கமீகோ, அடுத்த ஜூனில் 2000 கினீஸையும் ஜெயித்தது. முந்தைய வாரம் சேற்றில் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் தரை மாறினால் ஒரே பெயர் கொண்ட ரேஸ் எவ்வளவு வேறாகிவிடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். ஃப்யூச்சரிட்டியின் பழைய வெற்றியாளர் பட்டியலை வைத்து "இந்த ரேஸ் ஜெயித்தால் டெர்பி" என்று பேசும்போது அந்தந்த வருடத்துத் தரையையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

நம் ஊரில் இதையெல்லாம் வெறும் சூதாட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் இன்னும் உண்டு. 1996-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் முதன்மையாகத் திறமை சார்ந்தது என்று தீர்ப்புச் சொன்னது. குதிரையின் ஃபார்ம், உடல்நிலை, ஜாக்கி இதையெல்லாம் பயிற்சியுள்ளவர் எடைபோட முடியும் என்பதுதான் அங்கே அடிப்படை. அந்த எடைபோடும் வேலைதான் இது, உட்கார்ந்து செய்தால் வருகிறது.

நோட்டில் என்ன எழுதுவது

நீளமாக வேண்டாம், ஒரு குதிரைக்கு ஒரு வரி போதும். நான் எழுதுவது இப்படி இருக்கும்: "இடதுபக்க ரெயில், முதலிலிருந்து இரண்டாவது இடம், முடிய 3 ஃபர்லாங் இருக்கும்போது இன்னும் ஜாக்கி விரட்டாமல் கையிலேயே இருந்தது, 1 ஃபர்லாங் இருக்கும்போது தளர்ந்தது, தலை தாழ்வு, மே பிறப்பு, நல்ல தரைக்குக் காத்திரு." இன்னொன்று: "பின்னாலிருந்து வந்து 2-வது, முன்னவர்கள் நின்றதால், முழங்கால் உயரம், மழை வந்தால் மட்டும்." ஜெயித்த குதிரைக்குக் கூடுதலாக ஒரு கேள்வி: இருந்தும் ஜெயித்ததா, இருந்ததால் ஜெயித்ததா. பதில் தெரியாவிட்டால் கேள்விக்குறி போட்டு விடுங்கள், பிடிவாதமாக ஒரு முடிவுக்கு வர வேண்டியதில்லை.

ஒரு தோல்விக்குத் தரையைக் காரணம் காட்டி மன்னிக்கலாம், அடுத்த முறை வேறு தரையில் அதே குதிரை அதே மாதிரி தோற்றால் இரண்டாவது மன்னிப்பு கிடையாது. சேற்றில் முழு பலத்தையும் கொட்டி ஓடிய குட்டியை இரண்டு வாரத்துக்குள் மறுபடி இறக்கினால் அந்த ரேஸையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இந்த வயதில் உடம்பு தேற நாளாகும், ட்ரெய்னர்கள் சீசனை அதோடு முடித்துக்கொள்வதும் அதனால்தான்.

ஏப்ரலில் அவை திரும்பி வரும்போது நோட்டைத் திறங்கள். முதலில் பார்க்க வேண்டியது அக்டோபரில் ஜெயித்ததை இல்லை, அதன் விலை ஏற்கனவே நசுங்கியிருக்கும். முன்னால் ஓடித் தாக்குப்பிடித்து நாலாவது வந்ததையும், தப்பான பக்கத்தில் மாட்டியதையும், முகத்தில் மண் பட்டுத் திகைத்ததையும் தேடுங்கள். குளிர்காலத்தில் வளர்ந்திருக்கிறதா என்று படேக்கில் பாருங்கள், அன்றைய தரை குட் என்று இருந்தால் விலை எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.